எம்முக்கு மேல் ஒரு புள்ளி

ஒருவருடைய பெயரை வேறொரு மொழியில் எழுதும்போது எழுத்தைப் பார்த்து எழுதக் கூடாது, ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். பெயருக்குரியவரிடமோ பெற்றோரிடமோ சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டும். அரச சேவையில் நான் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட விதி இது. ஓய்வு பெறும் வரைக்கும் நானும் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் மறுத்ததில்லை. ஒருவரும் பின்பற்றியதும் இல்லை. எங்கள் ஊர்களில் ஒரு வாப்பாவுக்குப் பிறந்த மூன்று பேர் முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்துக்கொண்டு, பரம்பரைக் காணி பிரிக்கப் போகும் இடத்தில் தாங்கள் சகோதரர்கள் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வருவது இதனால்தான்.

ஆகவே பேத்தியின் பெயர் பிழையாக வந்தபோது எனக்கு ஆச்சரியம் வந்திருக்கக் கூடாது. வந்தது. சொந்த வீட்டுக்கு வந்தால் எல்லாம் வேறுதான்.

மகள் அயர்லாந்தில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறாள். அங்கேயே அந்த நாட்டவர் ஒருவரை மணந்தாள். அவர் கலிமா சொல்லி, நிக்காஹ் முறைப்படி நடந்தது. ஊர் கொஞ்ச நாள் கதைத்தது, பிறகு அதைவிட நல்ல கதை ஒன்று கிடைத்ததும் எங்களை விட்டது. அடுத்து பிள்ளை பிறந்தது. பெயரை மகள் வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பினாள்: என், ஐ, ஏ, எம், எச்.

நான் அதை வாசித்தேன். என் மனைவி அதை வாசிக்கவில்லை, நேரே மகளுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டாள்.

“என்னகா பேரு?”

“நீவ், உம்மா.”

“நீவா?”

“நீவ். கடைசில வ் மட்டும்.”

“நீவிவிடுற எண்டு சொல்லுவமே, புள்ளைக்கி எண்ணெ வெச்சி, கால் கையெல்லாம். அந்த நீவா?”

மகள் சிரித்தாள். “ஓம், அப்பிடியே வெச்சிக்கங்க.”

பொருள் என்ன என்று நான் கேட்டேன். ஒளி, பிரகாசம் என்றாள். அன்று அஸர் தொழுகைக்குள் என் மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவித்துவிட்டாள்: பேத்திக்குப் பெயர் நூர், அவர்களுடைய பாஷையில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பெயருக்கு அழகான பொருள் வேண்டும் என்பது மார்க்கம். அந்த நிபந்தனை நிறைவேறியதால், அலுவலகத்தில் கோப்பு மூடுவதுபோல், கோவையை மூடிவிட்டாள். எனக்குத்தான் மூட முடியவில்லை. எம்மும் எச்சும் சேர்ந்தால் எப்படி வ் ஆகும்? வாசலுக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டே அந்த ஐந்து எழுத்தையும் வாய்க்குள் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“தமிழில ரீ எண்டு எழுதிப்போட்டு டீ எண்டு குடிக்கிறீங்க. அத ஒருத்தரும் கேக்கல்லியே” என்றாள் அவள்.

உண்மைதான். எங்கள் நாட்டுத் தமிழில் ரீ.வி. என்று எழுதி டீ.வி. என்று வாசிக்கிறோம். வெளியூர்க்காரன் ஒருவன் எங்கள் பலகைகளை எழுத்துக்கு எழுத்து வாசித்துக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவில் நடந்தால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் இருக்கவில்லை.

பிள்ளையை இந்த நாட்டிலும் பதிய வேண்டும் என்று சொன்னவன் நான்தான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிந்தால் வேலை சுலபம். வருடம் தாண்டினால் காரணம் காட்ட வேண்டும், காரணத்துக்குச் சான்று காட்ட வேண்டும், சான்றை உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பாதையில் ஆட்களை அனுப்பியவன் நான். யார் யார் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். மனைவிக்கு இருந்த காரணம் வேறு. நாங்கள் இருக்கும் வீடு அவளுடைய உம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது. அவளிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு. எங்கள் பக்கத்தில் வீடும் பெண் வழி, குடி என்கிற வம்சமும் பெண் வழி. பள்ளிவாசலில் குடிகளின் பெயரைச் சொல்லும்போது என் பிள்ளைகள் என் குடியில் வரமாட்டார்கள், தாயின் குடியில்தான். நான் கலியாணத்தன்று ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குள் வந்தவன், இன்னும் அதே நிலையில் இருக்கிறேன்.

“மருமகன் என்ன குடியாம்?” என்று மனைவி ஒரு நாள் திரையைப் பார்த்துக் கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். அவர் மெல்லப் பேசுகிறவர், கேள்வியைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்டார். தங்கள் குடும்பப் பெயருக்கு முன்னால் ஓ என்று வரும், அது இன்னாரின் வழி வந்தவன் என்று பொருள்படும் என்றார். ஆனால் பெண் பிள்ளைக்கு ஓ வராது, நீ என்று வரும், அது இன்னாரின் வழி வந்தவனுடைய மகள்.

“அப்ப அங்கயும் குடி இரிக்கி” என்றாள் என் மனைவி, மிகத் திருப்தியோடு. “ஆனா ஆம்புளப் பக்கமாப் போகுது. பாவம்.”

விண்ணப்பம் போனது. சில மாதம் கழித்து, இறுதியாகப் பதியுமுன் பெற்றோர் பார்த்து ஒப்பமிடுவதற்கான வரைவுப் பிரதி வந்தது. ஆங்கிலத்தில் பெயர் சரியாக இருந்தது. அதன் கீழே தமிழில்: நியம்.

வாழ்நாள் முழுக்க நியமங்களோடு குடும்பம் நடத்தியவனுக்கு அந்தப் பெயரிலேயே ஒரு பேத்தி. வேறு யாருக்காவது நடந்திருந்தால் சிரித்திருப்பேன்.

அலுவலகத்துக்கு அழைப்பு எடுத்தேன். தலைநகரில் அந்த மேசைக்குரிய உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண், தமிழ் நன்றாகவே கதைத்தார்.

“சேர், பேர் நல்லாத் தானே இருக்கு. நியமய்!” என்றார்.

சிங்களத்தில் அது பிரமாதம் என்று அர்த்தப்படும். நான் பிரமாதம் இல்லை, பிழை என்றேன். எழுத்தில் வ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் உச்சரிப்புக்கு ஓர் ஆவணம் தரச் சொன்னார்.

“உச்சரிப்புக்கு ஆவணமா, மிஸ்? கேட்டு எழுதவேணும் எண்டுதானே விதி.”

“தெரியும், சேர். ஆனா கேட்டது கோவையில போட ஏலாது தானே.”

அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கடுமையாக.

நான் மகளிடம் சொன்னேன்: ஒப்பமிட்டு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது, கடவுச்சீட்டில் ஆங்கிலம்தான் வேலை செய்யும், தமிழைப் பிறகு திருத்தலாம்.

“வாப்பா, அவர் ஒப்பம் வெக்க மாட்டாராம்.”

“என்னத்துக்கு?”

“பிழையான பேரோட பதியிறதெண்டா பதிவே வேணாமாம். கோவத்தில சொல்லல்ல. ஆறுதலா இருந்துதான் சொன்னாரு. அதான் எனக்குப் பயமா இரிக்கி.”

பிறகு சொன்னாள். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுடைய பெயர்தான் பிள்ளைக்கு. சிறு வயதில் அவர்கள் குடும்பம் சில காலம் இங்கிலாந்தில் இருந்தபோது, புதுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வரவு இடாப்பைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார். வகுப்பு சிரித்திருக்கிறது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையை வரவில்லை என்று பதிந்தார்கள். இப்படி வாரக்கணக்கில். வீட்டில் யாருக்கும் தெரியாது, பக்கத்து வகுப்பில் இருந்த அண்ணனுக்கு மட்டும் தெரியும். பின்னாளில், இருபது வயது ஆகுமுன், அவள் நோயில் இறந்துபோனாள்.

இருக்கிறவளை இல்லை என்று பதிவது. அந்தக் குற்றத்துக்கு நிர்வாக மொழியில் பெயர் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் எந்த விதியையும் மீறவில்லை. இடாப்பில் என்ன இருந்ததோ அதை வாசித்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கடற்கரைக்குப் போனேன், தோணிகள் வருமுன்பே திரும்பினேன். பத்திரிகையை விரித்தேன், ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளைக்கு முதல் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அலுவலகம் திருத்திய பிரதியில் ஒப்பமிட்டுவிட்டால் போதும், பெற்றோரின் ஒப்பம் பிறகும் வரலாம். அலுவலகம் ஒப்பமிடாவிட்டால் மருமகன் பதிவையே விட்டுவிடுவார் என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. நானே விட்டுவிடு என்று சொல்ல முடியாது. குசினியில் என் மனைவி ஒரு கேள்வியை மட்டும் பல விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கி இந்த ஊட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதக்குள்ள அந்தப் புள்ளைர பேர எங்க எழுதுற?”

மருமகனோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம், அவருடையது அயர்லாந்து ஆங்கிலம். இரண்டும் வழியில் சந்திக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எம்மும் எச்சும் ஏன் வ் ஆகின்றன என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் எழுதித் திரைக்கு முன்னால் பிடித்தார். எம் எழுத்து. அதன் தலைக்கு மேல் ஒரு புள்ளி.

பழைய காலத்தில் தங்கள் எழுத்து இப்படித்தான் இருந்தது என்றார். ஒலியை மென்மையாக்க வேண்டுமானால் எழுத்துக்கு மேல் புள்ளி வைப்பார்கள். அச்சும் தட்டச்சும் வந்த பிறகு புள்ளிக்கு வசதியில்லை, அதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு எச் போட்டார்கள். அந்த எச்சுக்குச் சத்தமே கிடையாது. அது எழுத்தல்ல, இடம் மாறி நிற்கிற புள்ளி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பாலர் வகுப்பில் நாங்கள் சிலேற்றில் முதலில் பிழைவிட்டு அடி வாங்கியது புள்ளிக்குத்தான். மேலே ஒரு புள்ளி வைத்தால் ம, ம் ஆகிவிடும். எழுத்து அதே எழுத்து, சத்தம் வேறு. இந்த மனிதனுக்கு என்னிடம் இதைச் சொல்ல ஏன் ஒரு வருடம் எடுத்தது? நான் ஏன் கேட்கவில்லை என்பதை அவர் கேட்கவில்லை, மரியாதையுள்ளவர்.

“எங்காவது இப்படிப் புள்ளியோடு எழுதிய ஆவணம் உண்டா?” என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் மகள் ஒரு படம் அனுப்பினாள். ஈரமான பச்சைப் புல், பின்னால் தாழ்ந்த கல் மதில், நடுவில், கல்லறையின் தலைமாட்டில், ஒரு மீசான் கல். மருமகனின் தங்கையுடையது. பெயரைப் பழைய எழுத்தில் செதுக்கச் சொன்னவர் அவர்களுடைய வாப்பாவாம், இங்கிலாந்தில் நடந்தது அவருக்குப் பின்னாளில்தான் தெரிய வந்ததாம். ஐந்து எழுத்தல்ல, நான்கு. நான்காவது எழுத்துக்கு மேல் புள்ளி, கல்லில் நல்ல ஆழமாக.

ஒரு கப்றின் படத்தைக் கோவையில் இணைக்கலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கேட்டேன். மருமகன் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: அவளுக்கு அது பிடிக்கும்.

உச்சரிப்பு இதுதான் என்று முடிக்கும் சத்தியக் கடதாசியில் ஒப்பமிடச் சமாதான நீதவான் தேவை. நானே ஒரு சமாதான நீதவான், ஆனால் சொந்தக் குடும்ப விடயத்தில் நான் கையொப்பமிடக் கூடாது. என் பழைய நண்பர் ஒருவரும் சமாதான நீதவான்தான், அறபு மத்ரசாவில் ஓதியவர். தேடிப் போனால் வீட்டில் இல்லை, சவளக்கடை வயல் பக்கம் அறுவடைக்குப் போய்விட்டார் என்றார்கள். மோட்டார் சைக்கிளில் அங்கே போனேன். வரம்பில் குடையோடு நின்று, வயலுக்குள் இரைந்தபடி ஓடும் வெட்டு மெசினைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், இந்த வெயிலுக்க என்ன? பென்சன் நிண்டு பெயித்தா?”

“சத்தியக் கடதாசி ஒண்டு. பேத்திர பேரு.”

“என்ன பேரு?”

“நீவ்!”

“நீயா?”

“நீவ்! நீவ்!”

“வா வா எண்டா வாறனே, நான் எங்க போற? ஏன் கத்துறீங்க?”

மெசின் வயலின் மறுகரைக்குப் போகும் வரை காத்திருந்தோம். பிறகு அவர் தாளை வாங்கி ஆங்கில எழுத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இது நிஅம் எல்லோ! அறபில நிஃமத்துர பன்மை. அல்லாட அருட்கொடைகள். இதவிட என்ன நல்ல பேரு வேணும்? பிழையா வந்ததே றஹ்மத்து. உட்டுருங்க, மச்சான்.”

உண்மையில் அந்த இடத்தில் நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் சொன்னது சரி. ஊருக்கும் அது இனிக்கும், பள்ளிவாசலுக்கும் இனிக்கும், எனக்கும் அலைச்சல் மிச்சம். சிங்களப் பெண்ணுக்கு அந்த எழுத்தில் பிரமாதம் தெரிந்தது, எனக்கு விதி தெரிந்தது, இவருக்கு அருட்கொடை. அவரவர் மொழியில் அவரவர் வாசித்துக்கொண்டோம். அந்தப் பள்ளிக்கூட ஆசிரியரும் அதைத்தானே செய்தார்.

நான் கைப்பேசியை எடுத்து மீசான் கல்லின் படத்தைக் காட்டினேன். தங்கையின் கதையைச் சொன்னேன். மெசின் திரும்பி வந்தது, சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“புள்ளி இரிக்கி” என்றார்.

“ஓம்.”

“அறபிலயும் புள்ளி ஒண்டு மாறினா எழுத்தே வேற. ஓதுறவன் பிழையா ஓதினா திருத்தத்தான் வேணும்.” மோட்டார் சைக்கிளின் இருக்கையில் தாளை வைத்து ஒப்பமிட்டார். முத்திரை வீட்டில் இருந்தது. அதற்காக மறுபடி ஊருக்கு வந்தோம், அவர் என் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க நீவ், நீவ் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடிதத்தை நானே வரைந்தேன். விதியை மேற்கோள் காட்டினேன். எச் என்பது எழுத்தல்ல, புள்ளி என்று எழுதினேன். சத்தியக் கடதாசியையும் படத்தையும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். படத்தின் கீழே இணைப்பு இரண்டு என்று எழுதக் கை கூசியது, எழுதினேன்.

பதில் வரவில்லை. அழைப்பு எடுத்தேன், கோவை மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மேலிடம் என்பது ஒரு தட்டு, அதில் கோவைகள் ஓய்வெடுக்கும். தபால்காரரின் ஹோர்ன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நான் கேற்றுக்குப் போய்விடுவேன். அவர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையாட்டப் பழகிக்கொண்டார்.

பிறந்தநாள் வந்தது. அங்கே கேக் வெட்டினார்கள். மனைவி திரையைத் தடவி, “நீவ், நீவ்” என்று கூப்பிட்டாள். பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, வாயில் கிறீமோடு எதையோ சொன்னது. மருமகன் அதைக் கவனித்ததை நான் கண்டேன். பதிவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அந்தப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தேன்.

“மிஸ், நேற்றோட வருடம் முடிஞ்சிட்டு.”

தாள்கள் புரளும் ஓசை கேட்டது.

“சேர், இந்தப் போட்டோ... இது அந்தப் பிள்ளையோட மாமி தானே?”

“ஓம்.”

“எப்படி, சேர், சொல்றது? ஒருக்காச் சொல்லுங்க.”

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். கடைசி ஒலி கொஞ்சம் நீண்டது. திருத்தினேன், மறுபடி சொன்னார், சரியாக இருந்தது. “பாப்பம், சேர்” என்று வைத்துவிட்டார். பாப்பம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மகளிடம் என்ன சொல்வதென்று யோசிப்பதிலேயே நாட்கள் கழிந்தன, பெருநாளும் கழிந்தது.

பிறகு தபால்காரர் தலையாட்டாமல் வந்தார். திருத்திய வரைவுப் பிரதி, அலுவலகத்தின் ஒப்பத்தோடு. தமிழில் நீவ். வ் என்ற எழுத்தின் மேல் புள்ளி தெளிவாக இருந்தது. மனைவி அதைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். நான் இணைப்புக் கடிதத்தை வாசித்தேன். முதல் வரியில், தங்களுடன் தொலைபேசியில் உரையாடியதன் தொடர்பாக என்று இருந்தது. அந்த உரையாடல் நடந்தது பிறந்தநாளுக்கு மறுநாள். கடிதத்தின் திகதி பிறந்தநாளுக்கு முந்தின நாள், வருடம் முடியுமுன்.

இப்படிப்பட்ட கடிதம் ஒன்று சேவைக் காலத்தில் என் மேசைக்கு வந்திருந்தால் விளக்கம் கோரியிருப்பேன். இந்தக் கடிதத்தை நான் மடித்துக் கோவையில் வைத்தேன். முறைப்படி, கோவையின் முன் தாளில் பதில் கிடைத்த திகதியையும் குறித்தேன்: பெருநாள் கழிந்த முதல் திங்கட்கிழமை.